நரம்பும் துளையும்

இசைக்கருவிகளைத் தோற்கருவி, துளைக்கருவி, நரம்புக்கருவி, கஞ்சக்கருவி என நான்காக வகுத்துரைப்பது நம் முன்னோர் மரபு. மிடற்றையும் ஒரு கருவியாகக் கொண்டு ஐந்து என்பாரும் உளர். இவற்றுள் தோலும் கஞ்சமும் பெரும்பாலும் தாளத்தைக் காட்டுவன. பண்ணை எழுப்புவன நரம்பும் துளையுமே. ஆதலின் இப்பாடத்தில் அவ்விரண்டையும் எடுத்துக்கொண்டு, உலகின் பல நாடுகளில் அவை பிறந்த வகையையும், வாழ்ந்த வகையையும், சிலவிடத்து மாய்ந்த வகையையும் காண்போம்.

ஒரு கருவி மாய்தல் என்றால் என்ன? மரமும் தோலும் மட்கிப்போதல் மட்டுமன்று. அருங்காட்சியகத்துக் கண்ணாடிப் பேழைக்குள் முழு உருவோடு இருக்கும் கருவியும் மாய்ந்த கருவியாதல் கூடும். அதனை மீட்டிய விரல் எங்கே வளைந்தது, எங்கே நின்றது, எந்த நரம்பை முதலில் கூட்டியது என்று அறிந்தவர் ஒருவரும் இல்லையாயின் அக்கருவி வாய் பேசாது. இக்கருத்தை உளத்திற் கொண்டு மேலே செல்க.

முதற்கண் ஒலி பிறக்கும் முறையைச் சுருங்க உரைப்போம். இழுத்துக் கட்டிய நரம்பைத் தெறித்தால் அது அதிர்கின்றது. அதன் நீளத்தைப் பாதியாக்கினால் அதே சுரம் ஒரு தானம் மேலே எழும். மூன்றில் இரண்டு பங்காக்கினால் குரலுக்கு இளியாகிய சுரம் பிறக்கும். குழலிலோ அதிர்வது உள்ளே அடைபட்ட காற்று. துளையைத் திறக்குந்தோறும் காற்றுத் தூணின் நீளம் குறைதலின் சுரம் உயரும். நரம்பின் நீளமும் காற்றின் நீளமும் ஒரே கணக்கிற்கு உட்பட்டு நிற்றல் வியத்தற்குரியது. இக்கணக்கை நூலாக எழுதுவதற்குப் பல்லாயிரம் ஆண்டுகட்கு முன்னரே மாந்தர் காதினால் அறிந்திருந்தனர்.

அதற்குச் சான்று செருமனி நாட்டின் தென்மேற்கே கிடைத்தது. சுவாபியன் மலைப்பகுதியில் ஓலே ஃபெல்ஸ் என்னும் குகையை அகழ்ந்தோர், 2008ஆம் ஆண்டில் ஒரு குழலின் துண்டுகளைக் கண்டெடுத்தனர். அது பிணந்தின்னிக் கழுகின் சிறகு எலும்பால் ஆகியது. ஏறத்தாழ 22 சென்டிமீட்டர் நீளமும் ஐந்து துளையும் உடையது. அதன் அகவை 35,000 ஆண்டிற்கும் மேற்பட்டது என்று ஆராய்ச்சியாளர் கணித்துள்ளனர். பறவை எலும்பு இயல்பாகவே உள்ளீடற்றது, துளையிட்டால் போதும். ஆயின் அதே மலைப்பகுதியின் மற்றொரு குகையில் கிடைத்த குழலோ மாபெரும் யானையினமாகிய மாமத்தின் தந்தத்தால் ஆகியது. தந்தத்தை நீளவாக்கிற் பிளந்து, இரு பாதியையும் குடைந்து, காற்றுக் கசியாவண்ணம் மீண்டும் ஒட்டியிருக்கின்றனர். கல்லினால் ஆகிய கருவிகளை மட்டுமே கையிற் கொண்டோர், பனியும் பசியும் வாட்டிய காலத்தில் இத்துணை உழைப்பை ஒரு குழலுக்குச் செலவிட்டனர் என்றால், இசையை அவர்கள் பொழுதுபோக்காக மட்டும் கருதினர் என்று யான் நம்பேன்.

சீன நாட்டு ஹெனான் மாநிலத்தில் ஜியாகு என்னும் இடத்தில் கிடைத்த குழல்களும் இவ்வினத்தவையே. செங்கொண்டை நாரையின் எலும்பால் செய்த இவை சற்றேறக்குறைய 8,000 முதல் 9,000 ஆண்டுப் பழமையுடையன. இவற்றுள் ஒன்று சிறிதும் உடையாது கிடைத்தமையால் அதனை ஊதியும் பார்த்தனர். பிரான்சு நாட்டு மார்சூலாக் குகையில் 1931இல் எடுத்த ஒரு பெருஞ்சங்கின் கதை வேறு. நீருண்ணும் கலம் என்று கருதி அதனைத் துலூசு நகர அருங்காட்சியகத்தில் வைத்துவிட்டனர். தொண்ணூறு ஆண்டுகட்குப் பின் மீண்டும் ஆராய்ந்தபோதுதான், அதன் முனை வேண்டுமென்றே தறிக்கப்பட்டிருத்தலை உணர்ந்தனர். கொம்பு ஊதும் இசைவாணர் ஒருவர் அதனை ஊதினார். மூன்று சுரங்கள் எழுந்தன. ஏறத்தாழ 18,000 ஆண்டு உறங்கிய அந்த ஒலி 2021இல் உலகிற்கு அறிவிக்கப்பட்டது. சங்கு ஊதும் நாட்டிலிருந்து ஒருவர் அங்குச் சென்றிருப்பின், தொண்ணூறு ஆண்டு காத்திருக்க நேர்ந்திராது போலும்!

எலும்பும் சங்கும் மண்ணில் நிலைக்கும். மரமும் நரம்பும் நிலையா. எனவே நரம்புக்கருவியின் பழமையை அறிதல் அரிது. அவ்வருமையை வென்ற ஒரு நிகழ்ச்சியை மாணவர் அறிதல் வேண்டும்.

இற்றை ஈராக்கு நாட்டில் ஊர் என்னும் பெயருடைய பழம்பெரு நகரம் ஒன்று மண்மூடிக் கிடக்கின்றது. அந்நகரை 1922 முதல் 1934 வரை லெனார்டு வூல்லி என்னும் ஆங்கிலேயர் அகழ்ந்தார். அங்கிருந்த அரசர் புதைகுழிகள் 4,500 ஆண்டுப் பழமையுடையன. அரசனுடனும் அரசியுடனும் ஏவலரும் ஆடல்மகளிரும் இசைவாணரும் ஒருங்கே புதைக்கப்பட்டிருந்தனர். ஒரு பெருங்குழியில் மட்டும் எழுபதிற்கும் மேற்பட்டோர் வரிசை வரிசையாகக் கிடந்தனர். அவருள் மிகப் பலர் மகளிர். வூல்லி அகழும்பொழுது மண்ணில் சில துளைகள் தென்பட்டன. பிறராயின் எலி வளை என்று எண்ணி மண்வெட்டியை ஓங்கியிருப்பர். அவரோ, மரம் மட்கிப்போய், அது இருந்த இடம் மட்டும் வெற்றிடமாக நிற்கின்றது என்று உய்த்துணர்ந்து, அத்துளைகளிற் சுதைச் சாந்தைக் கரைத்து ஊற்றினார். சாந்து இறுகியபின் சுற்றியிருந்த மண்ணை அகற்றினால், மரமே இல்லாத யாழின் வடிவம் முழுமையாக வெளிப்பட்டது! இல்லாத பொருளை அது விட்டுச் சென்ற வெறுமையைக் கொண்டே மீட்ட இச்செயலினும் சிறந்த அகழ்வுத் திறனை யான் கேட்டதில்லை.

அக்கருவிகள் சிலவற்றின் முகப்பில் பொன்னாலும் வெள்ளியாலும் ஆகிய காளைத் தலை இருந்தது. பொற்காளையின் தாடி நீலக்கல்லால் ஆகியது. அக்கல் ஆப்கானித்தான மலைகளிலிருந்து வந்தது. ஒரு கல்லறையில், யாழின் சிதைவின்மேல் யாழ் மீட்டியவளின் எலும்புகள் கிடந்தன என்று வூல்லி எழுதியுள்ளார். இறுதி வரையில் அவள் மீட்டிக்கொண்டிருந்தாளோ, அறியோம்.

இங்கு ஒரு வேறுபாட்டைக் குறித்துக்கொள்ளுதல் நலம். ஊர் நகரத்துக் கருவியை மேலைநாட்டார் லயர் என்பர். அதற்கு இரண்டு கோடுகள் உண்டு. அவற்றின் முனைகளை ஒரு குறுக்குத்தண்டு இணைக்கும். நரம்புகள் அத்தண்டினின்று பத்தர்மேல் இறங்கும். ஹார்ப் என்னும் மற்றொரு வகைக்குக் கழுத்துப்போல் ஒரு கோடே உண்டு. நரம்புகள் அதனின்று சாய்வாகப் பத்தரின் நடுவில் வந்து புதையும். தமிழர் யாழ் இப்பின்னைய இனத்தது. இரண்டினையும் யாழ் என்றே வழங்குதல் நம் பழக்கமாயினும் வேற்றுமை மறத்தல் ஆகாது.

ஊர் நகர யாழ்களுள் ஒன்று பாக்தாது அருங்காட்சியகத்தில் இருந்தது. 2003ஆம் ஆண்டுப் போரில் அக்கூடம் சூறையாடப்பட்டபோது அக்கருவி உடைந்து சிதறியது. பொற்காளைத் தலை முன்னரே வங்கி நிலவறையில் வைக்கப்பட்டிருந்தமையால் தப்பியது. அச்செய்தி கேட்டு மனம் நொந்த ஆங்கில நாட்டு யாழ்வாணர் ஒருவர், பழைய அளவுகளின்படியே புதியதொரு கருவியைச் செய்விக்க முற்பட்டு, அதனை முடித்து, மீட்டியும் காட்டினார். நரம்பு கூட்டும் முறையை எங்ஙனம் அறிவது? அந்நாட்டுப் புலவர் களிமண் பலகையில் ஆப்பெழுத்தால் எழுதிவைத்த குறிப்புகள் கிடைத்துள்ளன. எந்த நரம்பு பிணங்குகின்றதோ அதனை இறுக்குக, பின்னர் இன்னதைத் தளர்த்துக என்னும் பாங்கில் அவை மாணாக்கனுக்கு ஆசிரியன் உரைப்பதுபோல் அமைந்துள்ளன.

இனி நம் யாழிற்கு வருவோம். பத்துப்பாட்டுள் ஆற்றுப்படை நூல்கள் யாழின் உறுப்புகளை ஒவ்வொன்றாக உவமை கூறி விளக்குகின்றன. பிளவுபட்ட குளம்பு மண்ணிற் பதிந்த சுவடுபோன்றது பத்தர், அதன்மேற் போர்த்தது பதப்படுத்திய தோல், வளைந்தெழுந்தது கோடு, கோட்டின்மேல் நரம்பை இறுக்கிக் கட்டிய வார்க்கட்டுகள் மகளிர் முன்கையில் அடுக்கிய வளைகளைப் போன்றன. இவ்வார்க்கட்டிற்குத் திவவு என்று பெயர். பேரியாழுக்கு 21 நரம்பும் செங்கோட்டியாழுக்கு 7 நரம்பும் என்று உரையாசிரியர் கூறுவர். அரசவைக்கு உரிய யாழ் மட்டுமன்றி இடையன் செய்துகொண்ட எளிய யாழும் பெரும்பாணாற்றுப்படையிற் பேசப்படுகின்றது. அவ்விடையன் தீக்கடைகோலால் நெருப்பை உண்டாக்கி, அக்கொள்ளியால் மூங்கிலைச் சுட்டுத் துளையிட்டுக் குழல் செய்கின்றான். குழல் சலித்தபின், உள்ளீடற்ற குமிழங்கொம்பை வளைத்து, மரல் நாரை நரம்பாகக் கட்டி, வில்லைப் போன்ற யாழைச் செய்து இசைக்கின்றான். நரம்பும் துளையும் ஒருவன் கையிலேயே, ஒரு பகற்பொழுதிலேயே பிறக்கும் காட்சி ஈது.

இத்துணைச் சிறப்புடன் வாழ்ந்த யாழ், எப்போது எங்ஙனம் மறைந்தது என்று ஒரு நாளைக் குறித்துக் கூறல் இயலாது. பாணரைப் புரந்த அரசவைகள் மாறின. ஒரே நரம்பை அழுத்தியும் இழுத்தும் பல சுரங்களை எழுப்பவல்ல வீணை மேலோங்கியது. யாழிலோ ஒரு நரம்பிற்கு ஒரு சுரமே இயல்பு. சுரத்திற்குச் சுரம் வழுக்கிச் செல்லும் நெளிவுகளை அதிற் காட்டுதல் அரிது. இக்குறையை உணர்த்துவதாக ஒரு வரலாறு பெரியபுராணத்தில் உண்டு. திருஞானசம்பந்தர் பாடிய ஒரு பதிகத்தைத் திருநீலகண்ட யாழ்ப்பாணரால் யாழில் அடக்க இயலவில்லை. மனம் உடைந்த அவர் யாழை உடைக்க ஓங்கினார். சம்பந்தர் அவர் கையைத் தடுத்து, யாழை வாங்கி, இயன்ற அளவில் இசைக்குமாறு ஆற்றுப்படுத்தினார். பத்தியுரையாக மட்டும் இதனைப் படிப்போர் பலர். இசை வரலாறு பயில்வோர்க்கு, ஒரு கருவியின் எல்லை எங்கே முடிகின்றது என்பதை அக்கருவியில் வல்லவரே உணர்ந்த நொடியாகவும் இது தோன்றும்.

வளைந்த கோட்டை உடைய யாழ் தமிழகத்திற்கு மட்டும் உரியதன்று. நான்காம் நூற்றாண்டிற் குப்தப் பேரரசனாகிய சமுத்திரகுப்தன் தான் யாழ் மீட்டும் கோலத்தைப் பொற்காசிற் பொறித்தான். அக்காசில் உள்ளது இற்றை வீணையன்று. வில்போல் வளைந்த யாழே. இந்திய நிலப்பரப்பில் அவ்வினம் ஏறக்குறைய முழுதும் அழிந்தது. மத்தியப் பிரதேசத்தில் கோண்டு மக்கட்குக் குலவரலாறு பாடும் பர்தான் பாணர் சிலரிடத்தில் மட்டும் பீன்பாஜா என்னும் ஐந்து நரம்பு யாழாக அது எஞ்சியது. ஆப்கானித்தானத்து நூரிசுத்தான் மலைநாட்டில் வாஜி என்னும் பெயரில் அதன் உறவு ஒன்று உண்டு.

முழுப் பொலிவுடன் அது வாழும் நாடு பர்மா என்று முன்னர் வழங்கிய மியான்மர் ஆகும். அங்கு அதற்குச் சௌங் என்று பெயர். படகு போன்ற மரப்பத்தரின்மேல் மான்தோலைப் போர்த்தி, கருவேலினத்து மரவேரின் இயல்பான வளைவைக் கோடாக்கி, பட்டுநூலை நரம்பாகக் கட்டுவர். கோட்டின்மேல் நரம்புகளை இறுக்குவன சிவந்த நூற்கயிற்றுக் கட்டுகள். அவற்றின் குஞ்சங்கள் கீழே தொங்கும். அதனைக் கண்ட எவருக்கும் திவவு என்னும் சொல்லின் பொருள் நொடியில் விளங்கும். ஏட்டிற் படித்து, உரை பார்த்து, ஆசிரியர் கரும்பலகையில் வரைந்தும் விளங்காத உறுப்பு, அங்கே ஒரு சிறுமியின் மடியில் கிடக்கின்றது. வலக்கை விரல்கள் நரம்பைத் தெறிக்க, இடக்கைப் பெருவிரல் நகம் உள்ளிருந்து நரம்பை அழுத்திச் சுரத்தை உயர்த்தும். நம் யாழிற்கு நேர்ந்த குறையை அவர்கள் இவ்வகையால் ஒருவாறு தீர்த்துக்கொண்டனர் எனலாம்.

இக்கருவி அந்நாட்டிற்கு எப்போது சென்றது? பியூ மக்களின் தலைநகராகிய ஸ்ரீசேத்திரத்துக் கற்சிற்பத்தில் வளைந்த யாழ் காணப்படுகின்றது. பியூ அரசன் 802ஆம் ஆண்டில் சீனப் பேரரசனது அவைக்கு இசைவாணர் 35 பேரை அனுப்பினான். அவர்கள் கொண்டுசென்ற கருவிகளுள் யாழும் இருந்ததைச் சீனர் தம் வரலாற்றில் எழுதிவைத்தனர். நரம்பின் எண்ணிக்கை காலப்போக்கில் 13 ஆகி, 14 ஆகி, இன்று 16 ஆக உயர்ந்துள்ளது. முதற்பாடமாகப் பயிலத்தக்க பதின்மூன்று பாடல்கள் வகுக்கப்பட்டுள்ளன. மாணாக்கர் அவற்றைக் கைவரப் பெற்ற பின்னரே மேற்செல்வர். கருவி அங்கே பிழைத்தமைக்கு அரசர் புரந்தது ஒரு காரணம் என்பர். இப்பதின்மூன்று பாடல்களே பெருங்காரணம் என்பது என் துணிபு. அரசு 1885இல் ஆங்கிலேயரால் வீழ்த்தப்பட்டது. அதன் பின்னரும் பாடல் மாணவர் விரலில் நின்றது.

கிரேக்க நாட்டிற் குழல் இரட்டைக் குழலாக இருந்தது. ஔலோசு என்னும் அக்கருவியைப் புல்லாங்குழல் என மொழிபெயர்ப்பது பிழை. நம் நாகசுரத்திற்குச் சீவாளி போல அதற்கும் நாணலால் ஆகிய நாக்கு உண்டு. ஓசையும் அவ்வண்ணமே உரத்தது. ஊதுவோன் கன்னம் உப்பிச் சோர்வதைத் தடுக்கத் தோல்வார் ஒன்றை முகத்தைச் சுற்றிக் கட்டுவான். அரிசுட்டாட்டிலின் மாணாக்கராகிய தியோபிராசுத்தசு என்பார் செடிகொடிகளைப் பற்றிய தம் நூலில், எந்த ஏரியின் நாணல் சீவாளிக்கு உகந்தது, அதனை எந்தப் பருவத்தில் அறுத்தல் வேண்டும் என்றெல்லாம் விரித்துரைக்கின்றார். காவிரிக்கரையில் நாணல் தேர்ந்து சீவாளி செய்யும் தொழிலாளர் அந்நூலைப் படிக்கக் கேட்பின், தம் பாட்டனார் பேச்சு என்றே கருதுவர். தஞ்சை மாவட்டத்து நரசிங்கம்பேட்டையில் ஆச்சா மரத்தாற் செய்யப்படும் நாகசுரத்திற்கு 2022இல் புவிசார் குறியீடு வழங்கப்பட்டமை ஈண்டு நினைவிற்கு வருகின்றது.

சீனர் தம் ஏழ்நரம்புக் கருவியாகிய கூச்சினை அறிஞர்க்கு உரியதென மதித்தனர். தரைமட்டமான நீண்ட பலகைபோன்ற அதில் 13 சங்குப் புள்ளிகள் பதிக்கப்பட்டிருக்கும். அவை விரல் வைக்கும் இடங்களைக் காட்டும். பண்டு போயா என்னும் கூச்சின் வல்லுநர், தம் இசையின் பொருளை முற்றும் உணர்ந்த ஒரே நண்பர் இறந்தபின், கருவியை உடைத்து, மீண்டும் வாசிக்கவே இல்லை என்பது சீனர் வழிவழியாகக் கூறும் கதை. நம் யாழ்ப்பாணர் கையைத் தடுக்க ஒருவர் இருந்தார். போயாவிற்கு ஒருவரும் இலர்.

இதனினும் உள்ளத்தைத் தாக்குவது ஜீகாங் என்பாரின் வரலாறு. மூன்றாம் நூற்றாண்டில் வாழ்ந்த இப்புலவர் அரசியற் பழியால் கொலைத்தண்டம் பெற்றார். கொலைக்களத்தில் கூச்சினைக் கேட்டு வாங்கி, குவாங்லிங்சான் என்னும் இசையை வாசித்தார். இதனை ஒருவர்க்குக் கற்பிக்க மறுத்தேனே, இன்றோடு இது மறைகின்றதே என்று வருந்தினார் என்பர். ஆயினும் அப்பெயருடைய இசையின் குறிப்பு 1425இல் தொகுத்த ஓர் ஏட்டில் இடம்பெற்றது. கூச்சின் குறிப்பு எந்த நரம்பு, எந்த விரல், எந்தப் புள்ளி என்பவற்றைச் சொல்லும், காலவளவைச் சொல்லாது. எனவே ஏட்டைக் கண்டு இசையை உயிர்ப்பித்தல் திங்கள் பலவும், சிலபோது ஆண்டுகளும் வேண்டும் கடும்பணி. குவான் பிங்ஹு என்னும் பேராசான் 1950களில் அப்பணியை மேற்கொண்டு குவாங்லிங்சானை மீண்டும் ஒலிக்கச் செய்தார். அவர் வாசித்த 'ஓடும் நீர்' என்னும் பிறிதோர் இசை, 1977இல் அமெரிக்கர் ஏவிய வாயேசர் விண்கலங்களிற் பொருத்திய பொற்றட்டில் இடம்பெற்று, இன்று ஞாயிற்று மண்டலத்துக் கோள்களைக் கடந்து சென்றுகொண்டிருக்கின்றது. அதில் ஒலிப்பவை பட்டு நரம்புகள். இன்று கூச்சின் வாசிப்போரிற் பலர் எஃகுக் கம்பியின்மேல் நைலான் சுற்றிய நரம்பையே பூட்டுகின்றனர். அது உரத்து ஒலிக்கும், எளிதில் அறாது. பட்டின் உராய்வொலி மட்டும் அதிற் பிறவாது.

இனி, தொடர்பு அறும் தறுவாயில் ஓரளவேனும் காக்கப்பட்ட ஒரு மரபைக் கூறுவோம். அயர்லாந்து மக்கள் பித்தளைக் கம்பி கட்டிய யாழை நகத்தாற் தெறித்து வாசித்தனர். அவ்யாழே அந்நாட்டின் சின்னம். நாணயத்திலும் அது பொறிக்கப்படுகின்றது. தலைவர் குடிகள் ஆங்கிலேயரால் நிலமிழந்து நலிந்தபின், யாழ்வாணர் ஊர் ஊராக அலைந்தனர். அவருட் பலர் கண்ணிழந்தோர். பெரியம்மையால் பார்வை போன சிறுவர்க்கு யாழ் கற்பித்துப் பிழைப்புக்கு வழிசெய்தல் அங்கு வழக்கம். (யாழ்ப்பாணத்திற்கு அப்பெயர் வந்தது கண்ணிழந்த யாழ்ப்பாடி ஒருவனால் என்று அந்நாட்டார் வழிவழியாகக் கூறுவதை இதனோடு ஒப்பிட்டுக் காண்க.) 1792 சூலைத் திங்களில் பெல்பாசுட்டு நகரத்தார் எஞ்சிய யாழ்வாணரை ஒருங்கே அழைத்தனர். நாடு முழுதும் அழைப்பு விடுத்தும் வந்த அயர்லாந்தர் பதின்மரே. அவருள் மூத்தவர் டெனிசு ஹெம்சன். அகவை 97 என்பர். மூன்று வயதிற் கண்ணிழந்தவர். பழைய முறைப்படி நீண்ட நகத்தால் வாசித்தவர் அவர் ஒருவரே.

அவர்கள் வாசிப்பதை எழுதிக்கொள்ள எட்வர்டு பண்டிங்கு என்னும் இளைஞர் அமர்த்தப்பட்டார். வயது 19, தேவாலயத்தில் ஆர்கன் வாசிப்பவர். அந்நான்கு நாளில் அவர் உள்ளம் முற்றும் மாறிற்று. அதன்பின் ஊர் ஊராகச் சென்று பாடல்களைத் திரட்டி 1796, 1809, 1840 ஆகிய ஆண்டுகளில் மூன்று தொகுதிகளை வெளியிட்டார். ஆயினும் அவர் அவற்றைப் பியானோ வாசிப்போர்க்கு ஏற்பத் திருத்தியே அச்சிட்டார். அதனால் பழைய பண்ணின் இயல்பு பலவிடத்துத் திரிந்தது. இதுகொண்டு அவரைப் பழிப்பாரும் உளர். அவர் எழுதாது விட்டிருப்பின் பழிப்பதற்கும் ஒன்றும் எஞ்சியிராது. நற்பேறாக, யாழ்வாணர் முன் அமர்ந்து விரைந்து கிறுக்கிய அவருடைய கையேடுகள் பெல்பாசுட்டுப் பல்கலைக்கழக நூலகத்தில் உள்ளன. மூன்றாம் தொகுதியில் விரல் நிலைகளையும் அவற்றின் அயர்லாந்துப் பெயர்களையும் பட்டியலிட்டுள்ளார். ஹெம்சன் 1807இல் மறைந்தார். கம்பியாழை இன்று மீண்டும் பயில்வோர் அக்கிறுக்கல்களையே உருப்பெருக்கி வைத்துப் பார்க்கின்றனர்.

ஏட்டையே நாடாத மரபும் உண்டு. மேற்கு ஆப்பிரிக்காவின் மண்டிங்கா மக்களிடையே ஜாலி எனப்படும் பாணர் குடியினர் கோரா என்னும் கருவியை மீட்டி அரசர் மரபையும் போர்களையும் பாடுவர். அரைச் சுரைக்குடுக்கையின்மேல் மாட்டுத்தோலைப் போர்த்து, நெடிய தண்டு செருகி, நரம்புகளை இரு வரிசையாகக் கட்டுவர்; இடப்புறம் 11, வலப்புறம் 10, ஆக 21. பண்டு மான்தோல் வாரை முறுக்கிக் கட்டியவர் இன்று மீன்பிடி நைலான் இழையைக் கட்டுகின்றனர். தந்தையிடம் மகன் கற்பதே வழி. தென்னமெரிக்க ஆண்டிசு மலைமக்களின் சிக்குக் குழலோ ஒருவரால் முற்றும் வாசிக்கப்படுவதன்று. நாணற் குழல்களை இரு பகுதியாகப் பிரித்து, சுரங்களை மாற்றி மாற்றி இருவரிடம் கொடுப்பர். ஒருவர் ஊதி நிறுத்த மற்றவர் தொடுத்தால்தான் பாட்டு நிறைவெய்தும்.

தமிழ் யாழின் பொருட்டு அரும்பாடுபட்டவர் விபுலாநந்த அடிகள். ஈழத்தின் மட்டக்களப்புப் பகுதியைச் சார்ந்த காரைதீவில் 1892இல் பிறந்தவர். மதுரைத் தமிழ்ச் சங்கத்துப் பண்டிதர் தேர்விலும் இலண்டன் பல்கலைக்கழக அறிவியற் பட்டத் தேர்விலும் ஒருங்கே வென்றவர் அவர். அவ்விரு கல்வியும் ஒருவரிடத்தே கூடாதிருப்பின் அப்பணி நிறைவேறியிராது. சிலப்பதிகாரத்து அரங்கேற்று காதையையும் அதன் உரையையும் ஊன்றி ஆராய்ந்து, நரம்பின் நீளக் கணக்கைக் கணித நெறியால் வகுத்து, யாழின் வடிவங்களையும் பண்களின் சுரநிலையையும் துணிந்து எழுதினார். அவருடைய யாழ்நூல் 1947 சூன் திங்களில் திருக்கொள்ளம்பூதூர்த் திருக்கோயிலில் அரங்கேறியது. அவர் கணக்கின்படி செய்த கருவிகளை ஊர்வலமாகக் கொண்டுவந்து இசைத்தும் காட்டினர். அடுத்த திங்களில், சூலை 19ஆம் நாள், அடிகள் மறைந்தார்.

நூல் கிடைத்தது, வடிவம் கிடைத்தது. கைமுறை கிடைக்கவில்லை. நகத்தாற் தெறித்தனரா, விரற்சதையாலா. இடக்கை நரம்பை அழுத்தியதா, ஒலியை அவித்ததா. வார்க்கட்டை நகர்த்தி எவ்வளவு நேரத்தில் பண் மாற்றினர் என்பனவற்றை ஏடு காட்டும் அளவு சிறிது. அண்மை ஆண்டுகளில் தமிழ்நாட்டு இளைஞர் சிலர் சங்க நூல்களைப் படித்து மரத்தைக் குடைந்து யாழ் செய்யத் தொடங்கியுள்ளனர். ஒவ்வொருவரும் இவ்வினாக்களின் முன் வந்து நிற்கின்றனர்.

விடையின் ஒரு கூறு கல்லில் உள்ளது. ஆந்திர நாட்டு அமராவதியின் சிற்பங்கள் பல சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்தில் வைக்கப்பட்டுள்ளன. வெண்மை கலந்த பசிய சுண்ணக்கல்லில், ஆடலும் பாடலும் நிகழும் கூட்டத்தினிடையே, வளைந்த யாழை மடியிற் சாய்த்திருக்கும் மகளிரைக் காணலாம். சென்னைக்குச் செல்லும் மாணவர் அக்கூடத்திற் சற்று நின்று, அம்மகளிரின் வலக்கை எங்கே படிந்துள்ளது, இடக்கை கோட்டின் எப்பக்கம் உள்ளது என்று பார்த்துத் தம் குறிப்பேட்டில் வரைந்துகொண்டு வருக.